அரசுப் பணியாளர் பயிற்சியில் மின்கற்றல் கருவிகள்: தேர்வும் மேலாண்மையும் – ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

நடுவண் அரசுப் பணியாளர்களுக்கான பயிற்சி முறை அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. 2020 செப்டம்பரில் அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்ற ‘கர்மயோகி இயக்கம்’ ஏறத்தாழ 46 இலட்சம் பணியாளர்களைக் கருத்திற்கொண்டு, 2020-21 முதல் 2024-25 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 510.86 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வகுக்கப்பட்டது. இதன் கற்றல் தளம் ‘ஐகாட் கர்மயோகி’ என வழங்கப்படுகிறது. ஆசிரியர் நேரில் நின்று நடத்தும் வகுப்பின் இடத்தில், பணியாளர் கணிப்பொறி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ தாமே படித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறும் முறை பரவி வருகிறது. மாநில அரசுகளின் பயிற்சி நிறுவனங்களும் இவ்வழியில் செல்லத் தொடங்கியுள்ளன.

இத்தகைய கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் கணிப்பொறித் துறையினர், நிதித் துறையினர், பயிற்சித் துறையினர் ஆகியோர் இடம்பெறுகின்றனர். மொழியியலாரோ மொழிபெயர்ப்பாளரோ இடம்பெறுவது அரிது. மொழி பற்றிய தேவை, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ‘பன்மொழி வசதி இருத்தல் வேண்டும்’ என்னும் ஒற்றைத் தொடரோடு முடிந்துவிடுகிறது. கருவி வாங்கப்பட்டுப் பாடங்கள் ஏற்றப்பட்ட பின்னரே மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படுகிறார். அந்நிலையில் அவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளில் பல மொழிபெயர்ப்பால் தீர்க்கக்கூடியவை அல்ல. கருவியின் அமைப்பிலேயே பிறந்தவை. அவை எங்கெங்கே பிறக்கின்றன, எந்நிலையில் தடுக்கப்படக் கூடியவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழிலிருந்தும், ஒப்புநோக்குக்காகப் பிற இந்திய மொழிகளிலிருந்தும் தரப்படுகின்றன.

2. ஒரு முன்னோடி: ‘லீலா’

அரசுப் பயிற்சியில் கணிப்பொறி புகுந்த வரலாற்றில் மொழிப் பயிற்சிக்கே முதன்மையான இடம் உண்டு. நடுவண் அரசுப் பணியாளர்களுக்கு இந்தி கற்பிக்கும் திட்டம் 1955 முதல் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. 1960 ஏப்ரலில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, 1961 சனவரி முதல் நாளன்று 45 வயது நிரம்பாத பணியாளர்களுக்கு, சில பிரிவினர் நீங்கலாக, இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிரபோத், பிரவீண், பிராக்ஞ என மூன்று படிகள் இத்திட்டத்தில் உள்ளன. பணியாளர் எப்படியில் தொடங்க வேண்டும் என்பது அவரது தாய்மொழியைப் பொறுத்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுவோர் முதற்படியில் தொடங்குவர். மராத்தி, குசராத்தி, வங்காளம் முதலிய மொழியினர் இரண்டாம் படியிலும், பஞ்சாபி, உருது முதலிய மொழியினர் மூன்றாம் படியிலும் தொடங்குவர்.

இப்பாடத்திட்டத்தை அடியொற்றிப் புனேயில் உள்ள உயர்நிலைக் கணிப்பொறி வளர்ச்சி மையம், அலுவல் மொழித் துறைக்காக ‘லீலா’ என்னும் மென்பொருள் தொகுதியை உருவாக்கியது. இந்தியை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமன்றித் தமிழ், வங்காளம், ஒடியா, அசாமியம், காசுமீரி, மணிப்புரி, போடோ, நேபாளி உள்ளிட்ட மொழிகளின் வழியாகவும் கற்க இத்தொகுதி வகைசெய்தது. தனிக் கணிப்பொறிக்குரியதாகத் தொடங்கிப் பின்னர் இணைய வடிவம் பெற்ற இதன் கைப்பேசிச் செயலி 2017 செப்டம்பர் 14 அன்று வெளியிடப்பட்டது.

இந்தித் திணிப்பு, இந்திப் பரப்பல் என்னும் அரசியல் விவாதம் ஒருபுறம் இருக்க, கருவி வடிவமைப்பு என்னும் நோக்கில் மட்டும் பார்த்தால் லீலாவில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. கற்போரின் தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் இடையிலான தொலைவு பாடத்தின் அளவையும் தொடக்கப் புள்ளியையும் தீர்மானிக்கிறது என்னும் உறழ்மொழியியல் கருத்து அதன் பின்னணியில் உள்ளது. பயிற்சிக் கருவியும் பாடமும் பயிற்று மொழியும் ஒருங்கே திட்டமிடப்பட்டன. பின்வந்த பொதுத் தளங்களில் இவ்வொருங்கிணைப்பு இல்லை. அவற்றில் மொழி என்பது திரையின் மூலையில் உள்ள ஒரு தெரிவுப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது.

3. கருவியின் அடுக்குகள்

‘மின்கற்றல் கருவி’ என ஒருமையில் கூறப்படுவது உண்மையில் பல அடுக்குகளைக் கொண்டது. பணியாளரின் பதிவு, வருகை, மதிப்பெண், சான்றிதழ் ஆகியவற்றைக் காப்பது கற்றல் மேலாண்மை அமைப்பு. 2002இல் வெளிவந்த ‘மூடில்’ இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட கட்டற்ற மென்பொருள். பள்ளி ஆசிரியர்களுக்கென 2017இல் தொடங்கப்பட்ட ‘தீக்ஷா’ தளம் ‘சன்பேர்ட்’ என்னும் கட்டற்ற மென்பொருளின் மீது எழுப்பப்பட்டது. 2020 ஏப்ரலில் கொரோனாப் பெருந்தொற்றின்போது மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், காவலர் முதலியோருக்கான பயிற்சி இத்தளத்திலேயே ‘ஐகாட்’ என்னும் பெயரில் விரைந்து தொடங்கப்பட்டது. கையிலிருந்த தளத்தைப் புதிய தேவைக்குத் திருப்பிவிட முடிந்தமைக்கு அதன் திறந்த கட்டமைப்பும் ஒரு காரணம் எனலாம். அரசு அமைப்புகள் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்னும் நடுவண் அரசின் கொள்கை 2015 முதல் நடைமுறையில் உள்ளது.

பாடத்தை உருவாக்கும் ஆக்கக் கருவி மற்றோர் அடுக்கு. ஆக்கக் கருவியில் உருவான பாடப்பொதி எந்த மேலாண்மை அமைப்பிலும் இயங்குதற்பொருட்டு வகுக்கப்பட்ட தொழில்நுட்ப நெறிமுறை மூன்றாவது அடுக்கு. 2001இல் வெளியான ‘ஸ்கார்ம் 1.2’ என்னும் நெறிமுறை, அதன்பின் ஸ்கார்ம் 2004, 2013இல் வெளியான எக்ஸ்ஏபிஐ ஆகியவை வந்தபோதும், இன்றும் வழக்கொழியவில்லை.

மொழிச் சிக்கல் இம்மூன்று அடுக்குகளிலும் வெவ்வேறு வடிவில் தோன்றுகிறது. ஓர் அடுக்கில் தமிழ் சரியாக இயங்குவதைக் கண்டு மற்றவற்றிலும் அவ்வாறே இயங்கும் எனக் கொள்வது தேர்வுக் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

4. இடைமுகத் தொடர்களும் வேற்றுமை உருபும்

மேலாண்மை அமைப்பின் திரையில் தோன்றும் தொடர்கள் முழுத்தொடர்களாக எழுதி வைக்கப்பட்டவை அல்ல. பெயர், பாடத் தலைப்பு, எண், நாள் ஆகியவற்றுக்கு வெற்றிடம் விட்டு எழுதப்பட்ட வாய்பாடுகளே அவை. அவ்வெற்றிடத்தை இயந்திரம் நிரப்பிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் முன்னொட்டுச் சொல்லை அடுத்து வெற்றிடத்தை விட்டால் போதும். நிரப்பப்படும் பெயர் எவ்வகை மாற்றமும் அடைவதில்லை. தமிழில் பெயரே மாறுகிறது.

‘இராமன்’ என்னும் பெயருடன் நான்காம் வேற்றுமை உருபு சேரும்போது ‘இராமனுக்கு’ என உகரச் சாரியை பெறுகிறது. ‘மணி’ என்பது ‘மணிக்கு’ எனச் சாரியையின்றி வருகிறது. ‘சீதா’ என்பது ‘சீதாவுக்கு’ என உடம்படுமெய்யும் சாரியையும் பெறுகிறது. ‘சட்டம்’ என மகர ஈற்றில் முடியும் பாடத் தலைப்பு ‘சட்டத்தில்’ என அத்துச் சாரியை பெற வேண்டும். வெற்றிடத்தை அடுத்து ‘இல்’ என எழுதி வைத்தால், ‘தகவல் பெறும் உரிமைச் சட்டம் இல் பதிவு செய்துள்ளீர்கள்’ என்று திரை காட்டும். இதனை மொழிபெயர்ப்புப் பிழை எனக் குறைகூறுவது பொருந்தாது. உருபை நீக்கினால் தொடர் சிதையும். சேர்த்தால் சொல் சிதையும்.

இதற்குத் தமிழே ஒரு வழியைத் தருகிறது. ‘என்னும்’ என்பது எவ்வகைச் சொல்லையும் மேற்கோளாக ஏற்றுப் பின்வரும் பொதுப்பெயருடன் இணைக்கவல்லது. வேற்றுமை உருபைப் பொதுப்பெயர் தாங்கிக்கொள்ளும். ‘தகவல் பெறும் உரிமைச் சட்டம் என்னும் பாடத்தில்’ என்றால் தலைப்பு எதுவாயினும் தொடர் பிழைபடாது. ஆட்பெயர்களுக்கு ‘அவர்கள்’ என்னும் மதிப்புச்சொல் இப்பணியைச் செய்கிறது. ‘இராமன் அவர்களுக்கு’, ‘சீதா அவர்களுக்கு’, ‘மணி அவர்களுக்கு’ என எல்லாப் பெயர்களும் ஒரே வாய்பாட்டில் அடங்கும். தெலுங்கில் ‘காரு’ என்பதும் கன்னடத்தில் ‘அவரு’ என்பதும் இதே வகையில் உருபேற்கக் கூடியவை. அரசுக் கடித நடையில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘அவர்கள்’ கணிப்பொறி வாய்பாட்டிற்கு இத்துணைப் பொருத்தமாக அமைவது எதிர்பாராத நன்மையே.

இந்தியில் சிக்கலின் இடம் வேறு. பெயருக்குப் பின் உருபு தனிச்சொல்லாக நிற்பதால் மேற்கூறிய இடர் பெரிதும் இல்லை. ஆனால் வினைமுற்று பாலைக் காட்டுகிறது. ‘வந்தார்’ என்னும் தமிழ்ச் சொல் ஆண், பெண் இருபாலர்க்கும் பொருந்தும். இந்தியில் மதிப்புப் பன்மையிலும் ‘ஆயே’, ‘ஆயீன்’ என இருவடிவங்கள் தேவைப்படுகின்றன. பணியாளரின் பாலைத் தளம் அறியாதபோது எல்லாப் பெண் பணியாளர்களும் ஆண்பால் வினையால் சுட்டப்படுகின்றனர். வங்காளத்தில் வினை பால் காட்டாமையால் இவ்விடர் எழுவதில்லை. ஆகவே ஆங்கில வாய்பாட்டை நேராகப் பெயர்த்தல் ஒரு மொழியில் உருபில் தவறும். மற்றொரு மொழியில் பாலில் தவறும்.

இங்குத் தேர்வுக் குழு கேட்க வேண்டிய வினா எளியது. ஒவ்வொரு வாய்பாட்டையும் மொழிபெயர்ப்பாளர் தம் மொழியின் இயல்புக்கேற்ப முழுமையாக மாற்றி எழுத முடியுமா? வெற்றிடத்தைத் தொடரில் விரும்பிய இடத்திற்கு நகர்த்த முடியுமா? வாய்பாடு எந்தத் திரையில், யாருக்கு, எச்சூழலில் தோன்றுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் காண முடியுமா? சில கருவிகளில் ஒரு தொடர் மூன்று துண்டுகளாக நிரலிலேயே வெட்டி வைக்கப்பட்டுள்ளது. அத்துண்டுகள் ஆங்கிலச் சொல்வரிசையில் மட்டுமே இணையும். வினை இறுதியில் நிற்கும் மொழிகள் அனைத்துக்கும் அக்கருவி பயனற்றது என்பதை வாங்குவதற்கு முன்பே அரைமணி நேரச் சோதனையில் அறிந்துவிடலாம்.

5. குறியேற்றமும் விடை மதிப்பீடும்

திரையில் தமிழ் எழுத்துத் தெரிகிறது என்பதைக் கொண்டு கருவி தமிழை அறியும் என முடிவு செய்தல் இயலாது. ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் இடலாம். இரண்டும் ஒன்றே என ஒருங்குறித் தரம் விதித்துள்ளது. எனினும் அவ்வியல்பாக்க விதியைச் செயற்படுத்தாத கருவி, ‘கொள்முதல்’ என்று பணியாளர் தட்டிய விடையை ஆசிரியர் இட்ட ‘கொள்முதல்’ என்னும் விடையோடு ஒப்பிட்டு, குறிகள் வேறுபடுவதால் ‘தவறு’ எனத் தீர்ப்பளிக்கும். திரையில் இரு சொற்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். பணியாளர் எதனைத் திருத்திக்கொள்வது?

இயல்பாக்கத்தாலும் தீராதவை உண்டு. ‘கௌரவம்’ என்பதன் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு ளகரத்தை இட்டுக் ‘கெளரவம்’ எனத் தட்டும் வழக்கம் மிகுதி. ‘ஸ்ரீ’ என்பதற்கு இரண்டு குறியேற்ற வரிசைகள் வழங்குகின்றன. மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்கு 2008இல் ஒருங்குறி 5.1 பதிப்பில் தனியிடம் தரப்பட்டபின், பழைய வரிசையில் எழுதப்பட்ட பாடமும் புதிய வரிசையில் தட்டப்படும் தேடுசொல்லும் பொருந்தாமல் போகும் நிலை ஏற்பட்டது. தமிழில் வல்லினம் மிகுதல் தனிச்சிக்கல். ‘அலுவலகக் குறிப்பு’ எனவும் ‘அலுவலக குறிப்பு’ எனவும் இருவகையாகவும் எழுதுவோர் உள்ளனர். நடைமுறை விதிகளில் தேர்வு வைக்கும் கருவி, சந்திப் பிழைக்காக ஒருவரைத் தோல்வியுறச் செய்தல் முறையாகாது. தட்டி எழுதும் விடைகளைத் தவிர்ப்பது அல்லது ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் விடைப்பட்டியலில் சேர்ப்பது என இரண்டில் ஒன்றைப் பாட ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

அகரவரிசை பற்றியும் ஒரு சொல். ஒருங்குறி அட்டவணையில் ஜகரம் சகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. குறியெண்ணைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தும் தளத்தில் கலைச்சொல் பட்டியல் தமிழ் நெடுங்கணக்குப்படி அமையாது. மெய்யெழுத்து தன் உயிர்மெய் வரிசைக்கெல்லாம் பின்னே தள்ளப்படும்.

பெரும்பாலோர் அறியாத மற்றோர் இடர் நினைவகம் சார்ந்தது. பணியாளர் பாடத்தை இடையில் நிறுத்தினால், அதுவரை செய்தவற்றைச் சேமிப்பதற்கு ஸ்கார்ம் 1.2 ஒதுக்கும் இடம் 4,096 குறிகள். ஆங்கிலத்தில் இது போதுமானது. சில ஆக்கக் கருவிகள், பணியாளர் தட்டிய விடைகளை இணைய முகவரிகளுக்குரிய மாற்றுவடிவில் சேமிக்கின்றன. அவ்வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது குறிகளாக விரியும். ‘கற்றல்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஆறு குறிகள், மாற்றுவடிவில் 54. அதன்படி 4,096 குறிகளுக்குள் அடங்குவது 455 தமிழ்க் குறிகளே. சொற்கணக்கில் ஒரு சிறிய பத்தி. அளவு மிஞ்சியவுடன் எச்சரிக்கையின்றிச் சேமிப்பு நின்றுவிடலாம். மறுநாள் பாடத்தைத் திறக்கும் பணியாளர் மீண்டும் முதற்பக்கத்தில் நிற்பார். ஆங்கிலத்தில் படித்த அடுத்த இருக்கைக்காரருக்கு இது நேர்வதில்லை. ஆகவே கணிப்பொறி தெரியாதவர் என்னும் பழி தமிழில் படித்தவர்மீது விழுகிறது. ஸ்கார்ம் 2004இன் பிற்பதிப்புகளில் இவ்வெல்லை 64,000 குறிகளாக உயர்த்தப்பட்டது. ஆனால் மூடிலின் உள்ளமைந்த முழு ஆதரவு ஸ்கார்ம் 1.2க்கு உரியது. எந்த மேலாண்மை அமைப்பு, எந்த ஆக்கக் கருவி, எந்த நெறிமுறை என்னும் மூன்று தேர்வுகளும் தனித்தனியே செய்யப்படும்போது இத்தகைய விளைவுகள் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

6. தேர்வு வினாக்களில் இலக்கணக் கசிவு

பலவுள் தெரிவு வினாக்களை மொழிபெயர்க்கையில் வினாவின் கடுமை மாறிவிடுகிறது. இதற்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 பற்றிய பாடத்திலிருந்து ஒரு வினாவை எண்ணிப் பார்க்கலாம். இச்சட்டத்தின்படி முதல் மேல்முறையீடு, பொதுத் தகவல் அலுவலரைவிடப் பதவியில் மூத்த அலுவலரிடம் செய்யப்பட வேண்டும். இரண்டாம் மேல்முறையீடு தகவல் ஆணையத்தில் செய்யப்பட வேண்டும். ஆங்கில வினா ஆளுக்கும் அமைப்புக்கும் பொதுவான சொல்லமைப்பில் கேட்கப்பட்டிருக்கும். தமிழில் அதனை ‘யாரிடம்’ எனப் பெயர்த்தால் உயர்திணை மட்டுமே விடையாகும். முதல் மேல்முறையீட்டு வினாவில் ‘தகவல் ஆணையம்’ என்னும் தெரிவு படிக்கும்போதே விலகிப்போகும், வினா எளிதாகிவிடும். இரண்டாம் மேல்முறையீட்டு வினாவிலோ சரியான விடையே இலக்கணத்தால் விலக்கப்படும். சட்டத்தை அறிந்தவர் தவறிழைக்க, அறியாதவரும் அவருடன் தவறிழைப்பார். ‘எதன் முன்’, ‘எங்கு’ என மாற்றினால் தவறு எதிர்த்திசையில் நிகழும். திணைப் பாகுபாடு உடைய மொழியில் வினாவைப் பெயர்த்தல் போதாது. தெரிவுகளோடு சேர்த்து மீண்டும் ஆக்க வேண்டும். ‘இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்கும் அதிகார அமைப்பு’ எனப் பெயர்த்தொடராக்கித் தெரிவுகளை எழுவாய் வேற்றுமையில் வைப்பது ஒரு வழி.

தொடரின் நடுவே வெற்றிடம் விட்டு, உருபேற்ற தெரிவுகளைத் தருவதிலும் இதே கசிவு உண்டு. வினாத்தாள் ஆய்வில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இதனை எளிதில் கண்டுகொள்வர். ஆனால் அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் வினாக்கள் ஒரு கோப்பாகவும் தெரிவுகள் மற்றொரு கோப்பாகவும் பிரித்தெடுக்கப்பட்ட சொற்பட்டியல். ஒலிப்பதிவுக்கான உரையும் அவ்வாறே. கேட்பதற்கு எனத் தெரியாமல் படிப்பதற்குரிய நடையில் பெயர்க்கப்பட்டு, பின்னர் இயந்திரக் குரலில் ஒலிக்கிறது. இரட்டை வழக்கு வேரூன்றிய தமிழில், துப்புரவுப் பணியாளருக்கான பாதுகாப்பு அறிவுரை செந்தமிழ்ப் பெயரெச்சத் தொடர்களில் ஒலிப்பதால் விளையும் பயன் சிறிதே.

7. ஒப்பந்தப்புள்ளியில் மொழி

அரசுக் கொள்முதலில் மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கு உரிய இடம் யாவரும் அறிந்ததே. எனினும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், கலந்தாய்வுப் பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறைக்கு இடமளிக்கின்றன. தரக்கூறுகளுக்கு 80 விழுக்காடு வரை மதிப்பளிக்கலாம். தரக்கூறுகளில் மொழித்திறன் தனிக்கூறாக, மதிப்பெண்ணுடன் இடம்பெறாதவரை அது யாருடைய பொறுப்பும் அன்று.

‘22 மொழிகளுக்கும் ஆதரவு’ என்னும் உறுதிமொழி பொருளற்றது. அது திரையில் எழுத்துத் தெரிவதைக் குறிக்கிறதா, தேடலைக் குறிக்கிறதா, சான்றிதழ் அச்சிடுவதைக் குறிக்கிறதா என்பது தெளிவில்லை. எட்டாம் அட்டவணை மொழிகளின் எண்ணிக்கை எழுத்துமுறைகளின் எண்ணிக்கையும் அன்று. உருதுவும் காசுமீரியும் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் திரையமைப்பே தலைகீழாகத் திரும்ப வேண்டும். சந்தாலிக்கு ஒல் சிக்கி எழுத்து வேண்டும். பார்வைக் குறையுடைய பணியாளர்களின் திரைபடிப்பான் அந்தந்த மொழியில் இயங்குமா என்பதும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திற்குப் பின் விருப்பத்திற்கு விடப்பட்ட ஒன்றன்று.

உறுதிமொழியைவிடச் செய்துகாட்டல் மேலானது. ஐம்பது தொடர்களுக்கு மிகாத ஒரு சோதனைத் தொகுதியை மொழியியலார் உருவாக்கித் தர முடியும். மகர ஈற்றுத் தலைப்பு, இருவகைக் குறியேற்றத்தில் ‘கொள்முதல்’, நெடுங்கணக்கு வரிசை, நீண்ட கூட்டுச்சொல் பொத்தானில் அடங்குதல், தமிழ்ப் பெயருடன் கூடிய சான்றிதழை அச்சுக்கோப்பாக எடுத்து அதிலிருந்து பெயரை மீண்டும் படியெடுத்தல் ஆகியவை அத்தொகுதியில் அமையலாம். கடைசியாகச் சொன்ன சோதனையில் உயிர்க்குறிகள் இடம் மாறிச் சிதைந்து வரும் கருவிகள் பல. விலைப்புள்ளி திறக்கப்படுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் இச்சோதனையைக் குழுவின் முன் செய்துகாட்ட வேண்டும் என விதித்தால் விவாதத்திற்கு இடமிராது.

ஒப்பந்தத்தில் தவறாமல் இடம்பெற வேண்டிய மற்றொன்று, மொழிபெயர்க்கப்பட்ட உரையின் உரிமை. ஆக்கக் கருவியிலிருந்து உரையைப் பொதுவான பரிமாற்ற வடிவில், மூலமும் பெயர்ப்பும் இணையாக, வெளியே எடுக்க இயலாவிட்டால், நிறுவனம் மாறும்போது மொழிபெயர்ப்பு முழுவதும் இழக்கப்படும். ஆங்கில மூலம் துறையின் கோப்பிலிருந்து மீளக் கிடைக்கும். தமிழ் வடிவம் கிடைக்காது.

8. மேலாண்மை: பதிப்பும் சொல்லும்

கருவியை வாங்குவது ஒருநாள் வேலை. மேலாண்மை ஆண்டுக்கணக்கில் தொடர்வது. பன்மொழிப் பாடங்களின் மேலாண்மையில் பெருங்கேடு விளைவிப்பது மூலமும் பெயர்ப்பும் வெவ்வேறு காலத்தில் நிற்றல்.

2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்கள் இதற்குத் தக்க சான்று. அச்சட்டங்கள் குறித்த பயிற்சிப் பாடங்கள் ஐகாட் கர்மயோகி தளத்திலும் இடம்பெற்றன. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு உரியது 154ஆம் பிரிவு. புலன்விசாரணை முடிவில் காவல் அலுவலர் நீதிமன்றத்தில் அளிக்கும் அறிக்கைக்கு உரியது 173ஆம் பிரிவு. அதனிடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவு முதல் தகவலைப் பற்றியது. இறுதி அறிக்கை 193ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. பிரிவு எண் மறைந்திருந்தால் கற்போர் ஐயுற்றுத் தேடுவர். அதே எண் வேறு பொருளில் வாழ்வதால் ஐயமே எழுவதில்லை. ஆங்கிலப் பாடம் திருத்தப்பட்டுத் தமிழ்ப் பாடமோ கன்னடப் பாடமோ பழைய நிலையில் தளத்தில் தொடர்ந்தால், இரு காவல் நிலையங்களில் இரு எழுத்தர்கள் ‘173’ என்பதை இருபொருளில் கற்றுச் சான்றிதழும் பெற்றிருப்பர். அதன் விளைவைச் சுமப்பவர் புகாருடன் வந்து நிற்கும் குடிமகன்.

அப்படியானால் பழைய பாடத்தை நீக்கிவிடலாமே எனின், அதுவும் இயலாது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் நிலுவையிலிருந்த விசாரணைகளும் வழக்குகளும் பழைய முறைச் சட்டத்தின்படியே தொடர வேண்டும் என்பது காப்புப் பிரிவின் விதி. ஆகவே பழைய பாடம் ‘இந்நாளுக்கு முன் தொடங்கியவற்றுக்கு மட்டும்’ என்னும் குறிப்புடன் தனியே பேணப்பட வேண்டும். அக்குறிப்பு ஆங்கில முகப்பில் மட்டும் தோன்றினால் போதாது.

புதிய சட்டங்களின் பெயர்கள் எல்லா மொழிகளிலும் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகின்றன. தமிழில் ‘சன்ஹிதா’, ‘சம்ஹிதா’, ‘சன்ஹிதை’ எனப் பல வடிவங்கள் எழுதப்படுகின்றன. ஒரு வடிவில் தலைப்பிடப்பட்ட பாடம், மற்றொரு வடிவில் தேடுவோருக்குக் கிட்டாது. தேடலுக்கெனத் தனிச்சொல் பட்டியல் ஒன்றைத் தளத்தில் இணைத்து, எல்லா வடிவங்களையும் ஒரே பாடத்திற்குச் சுட்டினால் இது தீரும். கலைச்சொற்களிலும் இதே நிலை. புலன்விசாரணை முடிவு அறிக்கையை ஒரு பாடம் ‘குற்றப்பத்திரிகை’ என்றும் மற்றொன்று ‘இறுதி அறிக்கை’ என்றும் கூறினால், இரண்டும் ஒன்றா எனப் பணியாளர் ஐயுறுவது இயல்பு. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதலே இயங்கி வருகிறது. மாநிலங்களின் ஆட்சிச்சொல் அகராதிகளும் உள்ளன. அவை தளத்துடன் இணைக்கப்படவில்லை என்பதே குறை.

அலுவல் மொழித் துறை உருவாக்கிய ‘கண்டஸ்த்’ என்னும் மொழிபெயர்ப்பு நினைவகம், ஒருமுறை பெயர்த்த தொடரை மீண்டும் பயன்படுத்த வகைசெய்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2022 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அது இந்தி–ஆங்கில இணைக்கு உரியது. ஏனைய மொழிகளுக்கு 2022 சூலையில் தொடங்கப்பட்ட ‘பாஷிணி’யின் இயந்திர மொழிபெயர்ப்பு துணைசெய்கிறது. ஆயினும் இவ்விரண்டின் இயல்பும் ஒன்றல்ல. நினைவகம் மனிதர் ஒப்பிய தொடரைத் திருப்பித் தருகிறது. இயந்திரம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்குகிறது. ‘செய்தல் வேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு விதிநூலின் உயிர். அதனை இயந்திரத்தின் பொறுப்பில் விடும் பாடத்தை, விதியறிந்த ஒருவரும் மொழியறிந்த ஒருவரும் சேர்ந்து படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. பாடங்களை விரைவாகப் பெருக்க வேண்டும் என்னும் இலக்கு நிலவும் இடங்களில் முதலில் கைவிடப்படுவது இப்படிப்புதான்.

முடித்தோர் எண்ணிக்கை, வழங்கிய சான்றிதழ் எண்ணிக்கை ஆகியவற்றைத் தளங்கள் நாள்தோறும் காட்டுகின்றன. அதே எண்களை மொழிவாரியாகப் பிரித்தால் பயனுள்ள செய்தி கிட்டும். ஒரு வினாவில் ஆங்கிலத்தில் படித்தோர் பெரும்பாலும் வெல்ல, தமிழில் படித்தோர் பெரும்பாலும் தோற்றால், அங்கு ஆராயப்பட வேண்டியது வினாவின் தமிழ் வடிவம். இப்பகுப்பைத் தரும் வசதி கருவியில் உள்ளதா என்பதும் தேர்வின்போதே கேட்கத்தக்கது.

ஒவ்வொரு மொழிப் பாடத்திற்கும் தளத்தில் ஒரு பதிவுக்குறிப்பு இருத்தல் வேண்டும்: எந்த மூலப் பதிப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது, மூலம் கடைசியாக மாறிய நாள் எது, பெயர்ப்பு கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் எது, பெயர்த்தவர் யார், ஒப்பியவர் யார். முதல் நாள் இரண்டாம் நாளுக்குப் பிந்தியதாகும்போது அம்மொழியில் சான்றிதழ் வழங்குவதைத் தளம் தானே நிறுத்தி, ஒப்பியவருக்கு அறிவிக்கும்படி அமைப்பது தொழில்நுட்ப அளவில் எளிய செயல். அவ்வாறு நிறுத்தப்பட்ட பாடத்தை எத்தனை நாட்களுக்குள் திருத்தித் தரவேண்டும், அந்நாட்களில் பணியாளர் எதனைப் படிக்க வேண்டும் என்பவற்றைப் பயிற்சித் துறை எழுத்தில் தந்தாக வேண்டும்.